முதுகில் வாங்கிய காற்று

அத்தியாயம் 5

வெடிக்குப் பொறாமை வந்தது காலை பத்தேகால் மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அந்தக் கணத்தில் அவன் சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தான். போஸ்ட் மேடத்தின் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நீ கப்பலுக்குப் போகவேண்டிய பொண்ணே இல்லம்மா. எங்கிட்ட வேலைக்கு வந்திருக்கணும்!" என்றார் மேடம்.

சொன்னது எதிரே நின்ற பெண்ணைப் பார்த்து. வெடி ஐந்து வருடமாக மேடத்திடம் வேலை பார்க்கிறான். அவனுக்கு இதுவரை கிடைத்த பெரிய பாராட்டு, "இன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தே, நல்லது" என்பதுதான்.

போஸ்ட் மேடம் இருபத்திரண்டு வருடம் தபால் இலாகாவில் இருந்தவர். முகவரி கிழிந்துபோன கடிதங்களும், அனுப்பியவர் பெயரே இல்லாத கடிதங்களும் கடைசியில் வந்து சேரும் பிரிவு அவருடையது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளில், "வேலை அதேதான், முத்திரை குத்துறது மட்டும் இல்ல" என்றார். வாய் ஓயாமல் பட்பட்டென்று பேசுபவனுக்கு வெடி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

இருவரும் நின்றிருந்தது கடலில் உயிர் பிழைக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில். ஆழமான நீச்சல்குளம். அதில் ஆரஞ்சு நிறத்தில் வட்டமான ரப்பர் மிதவை ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. ராஃப்ட் என்பார்கள். கப்பல் மூழ்கினால் இதில்தான் ஏறிக்கொள்ள வேண்டும். குளத்தின் ஒரு சுவரில், லாரிச் சக்கரத்தைவிடப் பெரிய மின்விசிறி ஒன்று கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. கடல் காற்றுக்குப் பதிலாக அது.

அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தாறு. உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. பயிற்சியில் எல்லோரும் அவளைப் பட்டன் என்று கூப்பிட்டார்கள். மூன்று வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள், இப்போது பயணிகள் கப்பலில் வேலைக்குப் போகப் படிக்கிறாள். பதினான்கு பேர் கொண்ட வகுப்பில் அவள்தான் முதல். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. தேறிவிட்டால் இரண்டு வாரத்தில் கப்பல் ஏறலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் தேர்வதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது.

பயிற்சிக் குறிப்பேட்டில் எல்லாப் பயிற்சியும் ஒழுங்காக முடிந்ததாகக் கையெழுத்து இருந்தால்தான் தேர்வில் உட்காரவிடுவார்கள். போன வியாழக்கிழமை கவிழ்ந்த ராஃப்டை நிமிர்த்திக் காட்டியது பட்டனே இல்லை, அவளுக்குப் பதிலாக வேறு யாரோ அந்த ஆரஞ்சு உடுப்பைப் போட்டுக்கொண்டு குதித்தார்கள் என்றது கடிதம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை மூடும் உடுப்பு அது. கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரியும். ஆகவே புகார் நம்பும்படியாகத்தான் இருந்தது. விசாரணை முடியும்வரை அவள் தேர்வு எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. கப்பல் அதுவரை காத்திருக்காது.

பட்டனின் அண்ணன் மேடத்தைத் தேடி வந்து, "என் தங்கச்சி அப்படிப் பண்ற பொண்ணு இல்லைங்க, எப்படியாவது நிரூபிச்சுக் குடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார்.

கடிதத்தைப் பட்டன் முழுதாகப் படித்தது இன்றைக்குத்தான். படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிமிர்ந்து, "மேடம், இதை எழுதினவங்க அன்னிக்கு இங்க இல்லவே இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"இந்த வரியைப் பாருங்க. 'சிலிண்டரின் மேல் ஏறி, காற்றை முதுகில் வாங்கியபடி நின்று பட்டையை இழுத்தது இவள் அல்ல.' முதுகுல வாங்கினா எப்படி மேடம் புரளும்?" அவள் குளத்தைக் காட்டினாள். "அதோ அந்தப் பக்கம், ராஃப்டுக்குக் காத்து நிரப்புற சிலிண்டர் இருக்கு. அது மேல ஏறி நின்னு, குறுக்கே போற பட்டையைப் பிடிச்சு, பின்னாடி சாயணும். எதிர்ப்பக்கம் மேல தூக்கும். காத்து எதிர்ல இருந்து நம்ம மூஞ்சில அடிச்சா, தூக்கின பக்கத்துக்கு அடியில புகுந்து அதுவே புரட்டி விட்டுடும். முதுகுல அடிச்சா, தூக்கினதைத் திரும்பத் தண்ணியில அமுக்கிடும். யானையே இழுத்தாலும் நிமிராது."

"அன்னிக்கு ஃபேன் ஓடிச்சா?"

"ஓடாம? காதே அடைச்சுப்போச்சு. நேரா மூஞ்சில காத்து. பாத்தவங்க யாரும் இப்படி மாத்தி எழுத மாட்டாங்க."

இதைக் கேட்டுத்தான் மேடம் அந்த வேலைக்கு அழைக்கும் வசனத்தைச் சொன்னார். வெடிக்கு நெஞ்சுக்குள் யாரோ சுருக்கென்று ஊசி ஏற்றியதுபோல் இருந்தது. அந்தக் கடிதத்தை அவன் நேற்று மாலை முதல் பதினொரு தடவை படித்திருந்தான். அவனுக்குத் தட்டுப்பட்டதெல்லாம் ஒரு எழுத்துப்பிழை மட்டும்தான்.

"ஆமாங்க, நல்ல மூளை" என்று சிரித்துவைத்தான். பிறகு தணிந்த குரலில், "மேடம், பழி விழுந்தவங்க கடிதத்துல தப்புக் கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமா? அவங்களே தோதா பேசுவாங்க" என்றான்.

"நீ கண்டுபிடிச்ச எழுத்துப்பிழையை அப்புறம் ஃபிரேம் போட்டு மாட்டலாம். வா."

தேர்வதிகாரி முகத்தில் சிரிப்பு வராத மனிதர். பட்டன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். "நியாயமான கேள்விதான். ஆனா பதட்டத்துல ஒருத்தர் முன்பின்னா எழுதலாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எழுதினவர் நேர்ல வந்து புகாரை வாபஸ் வாங்கணும். இல்லாட்டி அந்தப் பொண்ணு பேரை நாளைப் பட்டியல்ல சேக்க முடியாது."

வெளியே வந்ததும் வெடி குரலைத் தாழ்த்தினான். "மேடம், ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். மீசை."

மீசை என்பவன் வகுப்பில் இரண்டாவது. படகுத்துறையில் எட்டு வருடம் கயிறு இழுத்தவன். நேற்று வந்த வேன்காரி ஒருத்தி தன்னை முந்திவிட்டாளே என்று அவன் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்கப் பொருமியதாக வெடி விசாரித்து வைத்திருந்தான்.

"போய்ப் பாரு" என்றார் மேடம்.

வெடி கிளம்பினான். மனதுக்குள் அவனுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதை அவன் தனக்கே உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை. மீசை எழுதியிருக்க வேண்டும். அதோடு கடிதத்தில் இருப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும். பட்டன் ஆள்மாறாட்டம் செய்தவளாகவே இருந்தால், மேடம் பத்தேகால் மணிக்குச் சொன்ன வசனத்தைப் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வாங்கிக்கொண்டாக வேண்டும்.

மீசை படகுக் கொட்டகையில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ராஃப்டை நிமிர்த்தும்போது காத்து எந்தப் பக்கம் இருக்கணும்?" என்று வெடி எடுத்த எடுப்பில் கேட்டான்.

"மூஞ்சில. ஏன், நீங்களும் பரீட்சை எழுதப்போறீங்களா?"

"உங்களுக்கு அந்தப் பொண்ணு மேல பொறாமை இல்ல?"

"இருக்கு." மீசை முடிச்சை இறுக்கினான். "நிறையவே இருக்கு. மூணு நாளா சரியாத் தூங்கல. ஆனா அவ அன்னிக்கு ராஃப்டை நிமிர்த்தினப்போ, தண்ணிக்குள்ள பக்கத்துல மிதந்தது நான்தான். ராஃப்டு புரண்டதும் நாங்க எல்லாரும் அவங்கவங்க எண்ணைக் கத்திச் சொல்லணும். அவ எண் மூணு. அந்தக் கீச்சுக் குரலை எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும். இதை கடிதம் வந்த அன்னிக்கே அதிகாரிகிட்ட சொல்லிட்டேன். ஒரே வகுப்புக்காரன் சாட்சி செல்லாதுன்னு சொல்லிட்டார்."

வெடி மேடத்தைத் தேடித் திரும்பினான்.

மேடம் பயிற்சி மாஸ்டரின் அறையில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வகுப்புப் பாடப் புத்தகம், நாற்பத்தொன்றாம் பக்கம் திறந்திருந்தது. 'காற்று முகத்தில் படும்படி நிற்கவும்' என்று அச்சாகியிருந்தது.

"வெடி, பொய்க் கடிதம் எழுதுறவங்க கண்ணால பாக்காததை எங்கேர்ந்து எடுப்பாங்க?"

"கற்பனையில இருந்து."

"கற்பனை இருக்கிறவங்க கதை எழுதுவாங்க, மொட்டைக் கடிதம் எழுத மாட்டாங்க. இந்த ஆள் புத்தகத்துல இருந்து எடுத்திருக்கார். சிலிண்டர், பட்டை, ஏறி நிக்கிறது, எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை இந்தப் பக்கம்தான். ஒரே ஒரு வார்த்தை வேற."

பயிற்சி மாஸ்டர் திடீரென்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட! பழைய பதிப்பு! அதுல முகத்தில்னு போடவேண்டிய இடத்துல முதுகில்னு அடிச்சுட்டாங்க. ஆறு வருஷம் முன்னாடி நான்தான் கண்டுபிடிச்சுப் புதுசா அச்சடிக்க வெச்சேன். வகுப்புக்கு வந்தவங்களுக்குக் குழப்பம் இல்ல, நாங்க தண்ணியில இறக்கிக் காட்டிடுவோம். இங்க இருந்த பழைய புத்தகம் எல்லாத்தையும் நானே கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அப்போ இன்னும் ஒண்ணு எங்கேயோ உயிரோட இருக்கு" என்றார் மேடம். "வகுப்புக்கு வராத ஒருத்தர் கையில. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது."

மணி மூன்றரை. வெடி தண்ணீர் குடிக்கச் சாப்பாட்டு அறைக்குப் போனான். ஜன்னலோர மேசையில் பட்டனும் அவள் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்கு நாற்பத்தொரு வயது. துறைமுகக் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். இன்று விடுப்புப் போட்டுவிட்டுத் தங்கையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து இங்கேயே இருந்தார். தேர்வு நடக்குமோ நடக்காதோ, படிப்பை விடக்கூடாது என்று அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கையில் பழுப்பு அட்டை போட்ட புத்தகம்.

"ராஃப்டுக்குள்ள ஏறினதும் முதல் வேலை?"

"கயிறை வெட்டணும், கப்பலை விட்டு விலகணும், மிதக்குற நங்கூரம் போடணும், வாயிலை மூடணும்."

"முதல் நாள் குடிக்கத் தண்ணி?"

"அடிபட்டவங்களைத் தவிர யாருக்கும் கிடையாது அண்ணா."

பயிற்சி மாஸ்டர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று, "இருபது வருஷ சர்வீஸ்ல உங்க தங்கச்சி மாதிரி ஒருத்தியை நான் பாத்ததில்லைங்க. பிறவிக் கப்பல்காரி!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் சிரித்தார். பெருமையான, வாய் நிறைந்த சிரிப்பு. ஆனால் அது வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்கு முன்னால் ஒரு நொடி அவர் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. அங்கே பார்க்க எதுவும் இல்லை.

வெடியின் கையில் தம்ளர் அப்படியே நின்றது. அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியும். இன்று காலை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "ஆமாங்க, நல்ல மூளை" என்று சொன்னபோது, தன் உதட்டில் அதை அவனே கஷ்டப்பட்டு ஒட்டவைத்திருந்தான்.

பட்டன் கைகழுவ எழுந்து போனாள். வெடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, புக்கைக் கொஞ்சம் குடுங்களேன்."

"இது கிழிஞ்ச புக்கு தம்பி. அட்டை கையோட வந்துடும்."

"பரவால்ல, நானும் அரைகுறையாத் தைச்ச ஆளுதான்."

அண்ணன் கொடுக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. வெடி எடுத்தான். புத்தகத்தை அவன் புரட்டவே வேண்டியிருக்கவில்லை. பல வருடம் ஒரே இடத்தில் திறந்து திறந்து முதுகு வளைந்துபோன புத்தகம், தானாகவே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பிரிந்தது. 'காற்று முதுகில் படும்படி நிற்கவும்.' அந்த வரியின் கீழே மூன்று கோடுகள். ஒன்று நீல மை, ஒன்று கறுப்பு, ஒன்று பென்சில்.

வெடி நிமிர்ந்தபோது மேடம் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கைப்பையிலிருந்து மொட்டைக் கடிதத்தை எடுத்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்தார்.

"எப்படிடா பிடிச்சே?" என்று வெடியிடம்தான் முதலில் கேட்டார்.

"சிரிப்பு லேட்டா வந்துச்சு மேடம். காலையில எனக்கும் அப்படித்தான் வந்துச்சு." சொன்னபிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. காது சூடானது.

மேடம் அவனை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. கடிதம் எழுதினது நீங்க. எழுதினவனைக் கண்டுபிடின்னு என்னைத் தேடி வந்ததும் நீங்க. ஏன்?"

அண்ணனின் பெரிய கைகள் மேசைமேல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"மூணு தடவை எழுதினேன்மா இந்தப் பரீட்சையை. வீட்டுல யாருக்கும் தெரியாது. ஷிஃப்ட் வேலை, வகுப்புக்கு வர முடியாது, அப்போ குறிப்பேடு எல்லாம் கேக்க மாட்டாங்க, தனியாப் படிச்சுப் போனேன். எழுத்துப் பரீட்சையில நல்ல மார்க். ராஃப்டுல மட்டும் மூணு தடவையும் போச்சு. அப்போ இந்தக் குளம் கிடையாது, துறைமுகத்துல திறந்த தண்ணியிலதான் வைப்பாங்க. தேறவில்லைன்னு ஒரு சீட்டு குடுப்பாங்க, ஏன்னு சொல்ல மாட்டாங்க. எனக்குக் கையில வலு பத்தலைன்னு நெனச்சேன். ஒரு வருஷம் மணல் மூட்டையைக் கட்டி இழுத்துப் பழகினேன். அப்புறமும் புரளல. இவ போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து, 'அண்ணா, ஒரே இழுப்பு, தோசை மாதிரி புரண்டுச்சு'ன்னு சிரிச்சா. இவ்வளவு கைதான் அவளுக்கு. என்னால தாங்க முடியல."

"அதான் எழுதிட்டீங்க."

"ஆறு மாசம் தள்ளிப்போகட்டும்னு தோணுச்சு. அவ்வளவுதான் தோணுச்சு. சேதி வந்த அன்னிக்கு அவ சாப்பிடல. சுவரைப் பாத்து உக்காந்துக்கிட்டு, 'அண்ணா, நீங்களாவது நம்புறீங்களா'ன்னு கேட்டா. நான்தான் எழுதினேன்னு சொல்ல வாய் வரல. வேற யாராவது அவளைக் காப்பாத்திக் குடுத்துட்டா போதும்னு உங்ககிட்ட வந்தேன். மாட்டிக்குவேன்னு தெரியும். மாட்டினாலும் சரின்னு இருந்துச்சு."

பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பட்டன் ஈரக் கையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கடிதத்தைப் பார்த்தாள், அதன் கீழே கிடந்த பக்கத்தைப் பார்த்தாள், மூன்று கோடுகளையும் பார்த்தாள்.

"நாலு மாசமா தினமும் கேள்வி கேட்டீங்க" என்றாள் மெதுவாக. "இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒருநாளும் கேக்கல. எனக்கு இது நல்லாத் தெரியும்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"அந்தப் பக்கத்தை உங்கிட்ட கேக்க எனக்கு மனசு வரலம்மா. அதான்."

"கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே சொல்லியிருப்பேன்." அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "இது தப்பு அண்ணா. அச்சுப் பிழை. காத்து மூஞ்சில படணும். உங்க கையில வலு இல்லாம இல்ல. புத்தகம் உங்களைத் தப்பான பக்கம் நிக்க வெச்சிருக்கு."

அண்ணன் அந்த வரியைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒரு தடவை படித்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மூன்று தேர்வு, ஒரு வருட மணல் மூட்டை, பன்னிரண்டு வருடக் கிடங்கு வேலை எல்லாவற்றையும் அந்த ஒரே வார்த்தைக்குள் திணிக்கப் பார்க்கிறவர்போல் இருந்தது அவர் முகம்.

"மணி நாலே கால்" என்றார் மேடம். "அதிகாரி அஞ்சு வரைக்கும்தான் இருப்பார்."

அண்ணன் எழுந்தார். தங்கையின் பையைத் தோளிலிருந்து கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தேர்வதிகாரியின் அறையை நோக்கி நடந்தார். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தார். கடிதம் எழுதியது தான்தான், அதில் இருப்பது பொய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பட்டனின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

அவள் நடைபாதையிலேயே நின்றிருந்தாள். பழைய புத்தகம் அவள் கையில் இருந்தது. பேனாவை எடுத்து 'முதுகில்' என்பதை அடித்து, மேலே 'முகத்தில்' என்று எழுதி, அண்ணனிடம் நீட்டினாள்.

"அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் இந்த மாசக் கடைசிக்குள்ள போடணும். நாற்பத்தஞ்சு வயசு வரைக்கும் எடுத்துக்குவாங்க." அவர் வாய் திறந்தார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். "நான் இன்னும் உங்ககூடப் பேசல. இது விஷயம் சொல்றேன், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில என்கூட வாசல்வரைக்கும் வராதீங்க."

மறுநாள் அவர் வாசல்வரைக்கும் வரவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம், மூடியிருந்த ஒரு டயர் கடையின் நிழலில் எட்டரை மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். மதியம் ஒன்றரைக்கு வெடி சாலையைக் கடந்து அவரிடம் போனான். மேடம் அனுப்பவில்லை, அவனாகத்தான் போனான்.

"தேறிட்டா அண்ணே. எல்லாத்துலயும்."

"ராஃப்டு?"

"அதுவும்தான்."

"எத்தனாவது இழுப்புல?"

பொய் சொல்லலாமா என்று வெடி ஒரு நொடி யோசித்தான். "முதல் இழுப்புல."

அண்ணனின் முகத்தில் சந்தோஷம் வந்தது. கண் கலங்குகிற அளவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே அந்த இன்னொன்றும் வந்தது. இந்தத் தடவை அவர் ஜன்னல் எதையும் தேடவில்லை, இரண்டையும் முகத்திலேயே விட்டுவைத்தார். வெடி டயர் கடைப் படிக்கட்டைக் கையால் தட்டித் துடைத்து உட்கார்ந்தான். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.